வீரமுத்துவை நிற்கவைத்த படம்

ரப்பர் விலை ஏறிய வருஷம் அது. பகாவ் ஸ்டேஷனில் இறங்கி மாட்டுவண்டியில் வெகுதூரம் உள்ளே போனால் வருகிற அந்தத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் வேறு. அது யார் வாயிலும் நுழையவில்லை. ஆற்றோரம் மூங்கில் அடைத்துக் கிடந்ததால் மூங்கித் தோட்டம் என்றே ஆகிப்போனது. புதுமலையில் நட்ட கன்றுகளெல்லாம் வளர்ந்து பால் கட்டி நின்றன. வெட்ட ஆள் இல்லை. துரை, கங்காணி அமிர்தலிங்கத்தைக் கூப்பிட்டு, கப்பலேறி ஊருக்குப் போய் ஆள் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்.

அமிர்தலிங்கம் இதற்கு முன்பும் ஆள் கூட்டப் போனவர்தான். முதல் தடவை அவர் சொன்னதையெல்லாம் நம்பி வந்தார்கள். அடுத்த தடவை அவர் தலையைக் கண்டதுமே ஊரில், வேப்பங்கண்மாயில், சனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். போனவனில் ஒருத்தன்கூடத் திரும்பவில்லையே, உயிரோடுதான் இருக்கிறானா என்று கிணற்றடியில் வைத்துக் கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. இந்தத் தடவை பேசப்போவதில்லை, கண்ணெதிரே காட்டிவிடுகிறேன் என்று சிரம்பானுக்குப் போய், தெமியாங்கில் படக்கடை வைத்திருந்த பக்கீர் முகம்மதுவைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார்.

படத்துக்கு நிற்க அவர் பொறுக்கிய ஆட்களில் முதல் ஆள் வீரமுத்து. வேப்பங்கண்மாயில் கிணறு தோண்டிக்கொண்டிருந்தவன். இந்த இடத்தில் தண்ணீர் கிடக்கிறது என்று அவன் சொன்னால் ஊர் அங்கே மண்வெட்டியைப் போடும். பாறை கிடக்கும், வேண்டாம் என்றால் பண்ணையாராக இருந்தாலும் விட்டுவிடுவார். அப்படி ஒரு பேர் அவனுக்கு. நல்ல உயரம். தோளும் நெஞ்சும் பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கும். மூங்கித் தோட்டத்துக் காய்ச்சல் அதையெல்லாம் கொஞ்சம் உருக்கியிருந்தாலும், எலும்பின் அகலத்தை எந்தக் காய்ச்சலாலும் குறைக்க முடியவில்லை.

அவன் பெண்சாதி முத்தாயிக்குப் படம், படப்பொட்டி என்பதிலெல்லாம் ஒரு அக்கறையும் இல்லை. அவள் நினைப்பு முழுக்க வயிற்றில் இருந்தது. இந்தத் தோட்டத்துக்கு வந்த பிறகு அவளுக்குப் பிறந்தவை இரண்டும் ஆற்றுக்கு மேலே சரிவில் கிடந்தன. ஒன்று மூத்திரம் போகாமல் வீங்கிச் செத்தது. இன்னொன்றுக்குப் பல் முளைக்கிற சமயத்தில் காய்ச்சல் வந்தது. விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நிற்காவிட்டால் அன்றைய அரிசி கிடையாது என்பதால் ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வரும்போது பிள்ளை விறைத்துக் கிடந்தது. இப்போது மூன்றாவது. இதை இந்த மண்ணில் பெறக்கூடாது என்று அவள் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இது போதாதென்று வீரமுத்துவின் இடது காலில் ஒரு புண். காடு வெட்டிய இடத்தில் முனை சீவிக் கிடந்த மூங்கில் தண்டு முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. மழை விடாமல் பெய்த மாதம். அட்டையும் சேறும் சேர்ந்து, கீறலாக இருந்தது உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. தோட்டத்து மருந்துக்காரர் டிரசர் மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றுவார். ஊற்றும்போது வீரமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பான். ஆனாலும் தனக்கு விட்ட மரவரிசையான நிரையைத் தவறாமல் வெட்டினான். மரத்தில் கட்டிய மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்துக் காண்டாக் கம்பில் தோளில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் பால் ஸ்டோருக்கு வருவான். சாயங்காலம் முத்தாயி வெந்நீரில் புண்ணைக் கழுவி, பழைய சீலைத் துணியைக் கிழித்துக் கட்டுவாள். அந்த நாற்றத்தோடேயே இருவரும் சோறும் கருவாட்டுக் குழம்பும், இருந்தால் மரவள்ளிக் கொழுந்தும் சாப்பிட்டுப் படுப்பார்கள்.

போட்டோக்காரர் வருவதற்கு முந்தின நாள், முத்தாயி ஸ்டோருக்குப் பின்னால் மங்கு கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு அமிர்தலிங்கம் வந்தார். சுற்றி யாரும் இல்லை. வீரமுத்துவின் முகம் இப்போதெல்லாம் இறுகிக் கிடக்கிறது, நாளைக்கும் அப்படியே நின்றால் படத்தைப் பார்க்கிறவன் பயந்துவிடுவான், நீதான் அவனைச் சரிக்கட்ட வேண்டும் என்றார். அவள் தலைகுனிந்தபடி கழுவிக்கொண்டே இருந்தாள். அப்போது அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"படம் நல்லா வரட்டும் புள்ள. நான் கப்பல் ஏறுறப்ப ஒங்க ரெண்டு பேரையும் கூடவே கூட்டிட்டுப் போறேன். ஒம் பேறுகாலம் ஒங்க ஆத்தா வீட்டுல நடக்கும். அவங்கிட்ட இப்ப சொல்லாத. நாளைக்கு மூஞ்சி தெளியலன்னா அப்பச் சொல்லு."

முத்தாயியின் கையிலிருந்த மங்கு நழுவித் தண்ணீருக்குள் போயிற்று. அவர் போன பிறகும் அவள் அதைத் தேடி எடுக்கவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ராத்திரி புருஷனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு அரித்தது. சொன்னால் பலிக்காமல் போய்விடுமோ என்று அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் பக்கீர் முகம்மது மாட்டுவண்டியில் பொட்டிகளோடு வந்து இறங்கினார். நாகூர்ப் பக்கத்து மனுஷர். மெலிந்த உடம்பு, சுத்தமான வெள்ளைக் கைலி, மருந்து பட்டுக் கறுத்துப்போன விரல் நகங்கள். கணக்கெழுதுகிற கிராணியின் வீட்டுக்கு முன்னால் குரோட்டன் செடிகள் வரிசையாக நிற்கிற இடம்தான் வெளிச்சத்துக்குத் தோது என்று பார்த்து வைத்தார். மூன்று கால் தாங்கியின் மேல் பொட்டியை ஏற்றிக் கறுப்புத் துணியைப் போர்த்தினார். ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அதற்குள் ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு சரிகைத் தலைப்பாகை, ஒரு ஜோடிச் செருப்பு, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, ஓடாத ஒரு சங்கிலிக் கடிகாரம். எல்லா ஆளுக்கும் அது ஒன்றுதான். ஒருத்தன் கழற்ற, அடுத்தவன் போட்டுக்கொண்டான்.

முதலில் நின்றவர்களைப் பார்த்துப் பக்கீர் முகம்மது தலையில் அடித்துக்கொண்டார். நில்லு என்று சொன்னவுடனே ஒவ்வொருத்தனும் இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, மோவாயைத் தாழ்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். துரைக்கு முன்னால் நின்று நின்று அவர்கள் உடம்புக்கு அந்த ஒரு நிலைதான் தெரியும். அவர் ஒவ்வொருத்தனிடமும் போய்த் தோளைத் தட்டினார். கையை எங்கே வைப்பது என்று தவித்தவன் கையில் தடியைக் கொடுத்தார். பொட்டியை முறைத்தவனைத் தூரத்து மரத்தைப் பார்க்கச் சொன்னார். மூச்சை இழுத்து வெளியே விடு, விட்டு முடிக்கிறபோதுதான் மனுஷன் மனுஷனாக இருப்பான் என்று சொல்லிக்கொண்டே, அந்த நொடி பார்த்துப் பொட்டிக் கண்ணாடியின் மூடியைக் கழற்றி மாட்டினார். அவருக்கு அது கைவந்த வேலை. கூலியை ஜமீன்தாராக்கிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.

வீரமுத்து வந்தபோது அவர் கண் முதலில் போனது காலில் கட்டியிருந்த துணிக்குத்தான். ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அவர் அமிர்தலிங்கத்தைத் தனியே அழைத்தார். முத்தாயி குரோட்டன் செடிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பேசியது அவள் காதில் விழுந்தது.

"கங்காணியாரே, இவருக்குக் காலு சீழு புடிச்சுக் கெடக்கு. நாற்காலியில ஒக்காத்தி வச்சு எடுத்துருவோமே. வேட்டிய எறக்கி விட்டா ஒண்ணும் தெரியாது."

"ஒக்காந்தா சீக்காளின்னு நெனப்பானுவ சாயபு. ஊர்ல இவன் ஒக்காந்து பாத்தவனே கெடையாது. நிக்க வச்சு எடுங்க."

பக்கீர் முகம்மது வீரமுத்துவிடம் திரும்பிப் போனார். வலது காலை முன்னால் வைத்து, இடது காலைப் பின்னால் மறைத்து நிற்கச் சொன்னார். வீரமுத்து நின்றான். ஆனால் வலிக்கிற காலில் பாரம் விழக்கூடாது என்று உடம்பு முழுவதையும் முன்காலில் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தான். துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தவர் வெளியே வந்தார். விழப்போகிறவன் மாதிரி இருக்கிறது என்றார். பாரத்தைப் பின்காலுக்குக் கொடு, முன்காலைத் தளரவிடு, அப்போதுதான் இயல்பாக இருக்கும் என்று தானே நின்று காட்டினார். அவர் நின்றபோது அது வெகு சுகமாகத்தான் இருந்தது. தென்னைமரம் காற்றில் நிற்பதுபோல இருந்தது.

வீரமுத்து இடது காலில் பாரத்தை இறக்கினான். அவன் முகம் வெளுத்துப் போவதை முத்தாயி பார்த்தாள். மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாகக் கட்டியது.

"தம்பி, இது போலீசு ஸ்டேஷன் இல்லப்பா," என்றார் பக்கீர் முகம்மது. "ஒன் வீட்டு வாசல்ல சும்மா நிக்கிறாப்புல நில்லு."

"எங்க வீட்டு வாசல்ல நான் எங்க நின்னேன் சாயபு," என்றான் வீரமுத்து. "வேலைக்குப் போவேன், வந்து படுப்பேன்."

ஒரு படத்தகடு எடுத்தார். பல்லைக் கடித்திருப்பது தாடையில் தெரிகிறது என்று கங்காணி சொன்னார். இன்னொன்று எடுத்தார். அதில் கண்ணை மூடிவிட்டான். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் தகடு மாற்றும் வரை அவன் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் மறுபடி முதலிலிருந்து நிற்க வைக்க வேண்டும். கோட்டுக்குள் அவன் உடம்பு நடுங்கியது. கட்டுத்துணியில் ஒரு பக்கம் சிவப்பாக ஊறி, குதிகால் வழியாகச் செருப்புக்குள் இறங்கியது. செருப்பு வீணாகிறதே என்று பக்கீர் முகம்மதுவின் முகம் ஒரு கணம் சுணங்கிற்று. அமிர்தலிங்கம் முத்தாயியைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாலேயே பொட்டியைக் காட்டினார்.

முத்தாயி போய்ப் பொட்டிக்குப் பக்கத்தில், புருஷனின் பார்வை விழுகிற இடத்தில் நின்றாள்.

"மாமா, இங்க பாரு," என்றாள். "நாம ஊருக்குப் போறோம். கங்காணி கூட்டிட்டுப் போறாராம். இந்தப் புள்ளைய எங்க ஆத்தா வீட்டுல பெறுவேன்."

வீரமுத்து அவளைப் பார்த்தான். நம்பாமல் கங்காணியைப் பார்த்தான். அமிர்தலிங்கம் ஆமாம் என்று தலையாட்டினார். திரும்பவும் முத்தாயியைப் பார்த்தபோது அவன் முகம் மெல்ல அவிழ்ந்தது. புருவத்தின் முடிச்சு தளர்ந்து, தாடை இறங்கி, வாயோரம் ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணமான புதுசில், கிணற்றுக்குள்ளிருந்து மண் அப்பிய முகத்தோடு மேலே ஏறிவந்து, தண்ணி கண்டாச்சு என்று அவளிடம் சொல்லுவானே, அந்தச் சிரிப்பு. பக்கீர் முகம்மது மூடியைக் கழற்றினார். மாட்டினார்.

"அல்ஹம்துலில்லா," என்றார். "இது போதும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வீரமுத்து குரோட்டன் செடிகளின் மேல் சாய்ந்து விழுந்தான்.

அந்த வாரமே கால் கறுக்க ஆரம்பித்தது. காய்ச்சலில் அவன் கிணற்று மண்ணையும் ஊற்றையும் பற்றிப் பிதற்றினான். டிரசர் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு இது தன் கையில் இல்லை என்றார். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவனைப் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முத்தாயியைக் கூடப் போகவிடவில்லை. பால் கொட்டுகிற காலத்தில் ஒரு ஆள் போவதே நஷ்டம், இரண்டு ஆள் எதற்கு என்று வேலைக்காட்டு மேஸ்திரி மண்டோர் சொல்லிவிட்டான். அவள் களை எடுக்கப் போனாள். அங்கேயும் இங்கேயும் கேட்டுப் பார்த்தாள். யாருக்கும் தகவல் தெரியவில்லை. ஒருநாள் ஸ்டேஷனுக்குச் சாமான் ஏற்றப் போன வண்டியிலேயே அவனை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் இறக்கியபோது முழங்காலுக்கு மேலே கட்டுத்துணி முடிந்துபோயிருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

வீரமுத்து அழவில்லை. முத்தாயி அழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரிய டாக்டர் ஒரு விஷயம் சொன்னதாகச் சொன்னான். இனிமேல் இவன் வேலைக்கு ஆகமாட்டான், சர்க்காரே டிக்கெட்டு கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடும் என்று தோட்டத்துத் துரைக்கு எழுதிவிட்டாராம்.

முத்தாயிக்குக் கால் போன துக்கத்துக்குள்ளேயும் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கங்காணி இன்னும் கப்பல் ஏறவில்லை. எல்லாரும் ஒன்றாகவே போய்விடலாம். அன்று சாயங்காலம் மழைத் தூற்றலில் நனைந்துகொண்டே அமிர்தலிங்கத்தின் வீட்டுக்கு ஓடினாள். அவர் கூடத்தில் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு, சிரம்பானிலிருந்து வந்த படங்களைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். மேலே வீரமுத்து கிடந்தான். கோட்டும் தலைப்பாகையும் போட்டு, தடியை லேசாகப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவனை வா என்று கூப்பிடுகிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் சொன்னதையெல்லாம் அவர் கேட்டார். கோபப்படவில்லை. உட்கார் என்றார். அவள் உட்காரவில்லை.

"தொரைகிட்ட நான் காலையிலயே பேசிட்டேன்," என்றார். "அவனுக்கு ஊர்ல யாரும் இல்ல, சொந்தக்காரங்க எல்லாம் இங்கதான், நானே வச்சுப் பாத்துக்குவேன்னு சொல்லிட்டேன். தொரையும் சரின்னுட்டாரு."

"அவுக ஆத்தா இருக்காக. தம்பி இருக்காரு. நீங்க கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீகளே."

"யோசிச்சுப் பாரு புள்ள. நான் இந்தப் படத்தக் காட்டிக்கிட்டு ஊருக்குள்ள நிக்கிறேன். இவன் ஒத்தக் காலோட பின்னாலயே வந்து எறங்குறான். அப்பறம் எம் பின்னால எவன் வருவான்?"

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பெட்டியை மூடினார். காலில்லாதவனுக்கு அரிசி எழுதித் தருகிற தோட்டம் எங்கேயும் கிடையாது, நான் சொல்லித் தரச்செய்கிறேன், ஆனால் இதற்கு மேல் துரையிடமோ கிராணியிடமோ போய் நின்றால் அதுவும் நின்றுபோகும் என்று சொன்னார். பிறகு, மழை வலுக்கிறது, போ என்றார்.

அவர் ஊருக்குப் போனார். முத்தாயிக்கு லயத்திலேயே பிரசவமானது. ஆண் பிள்ளை. பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த மாரியம்மா தொப்புள் கொடி அறுத்தாள். பிள்ளையை ஆயாக் கொட்டகைக்கு அனுப்பாமல் வீரமுத்துவே வைத்துக்கொண்டான். உட்கார்ந்த இடத்திலேயே தூளியை ஆட்டுவான். அது அழுதால் விரலைச் சப்பக் கொடுப்பான். முத்தாயி வேலைக்காட்டிலிருந்து ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவாள். அந்தக் கொஞ்ச மாதங்களை ஒரு வாழ்க்கை என்றே அவள் எண்ணத் தொடங்கியிருந்தாள். அப்போதுதான் கங்காணி புது ஆட்களோடு கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிவிட்டார் என்று சேதி வந்தது.

வண்டிகள் வருவதற்கு முன்பே மண்டோர் வந்து நின்றான். கங்காணி சொல்லியனுப்பியிருக்கிறார், புது ஆள் ஒரு மாதம் வேலை பழகுகிற வரைக்கும் வீரமுத்து லயத்தில் இருக்கக்கூடாது என்றான். ஆற்றோரத்தில் பழைய மாட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். தூக்கிக்கொண்டு போகும்போது வீரமுத்து முத்தாயியிடம் ஒன்றே ஒன்று கேட்டான், யார் யார் வருகிறார்கள் என்று. அவளுக்குத் தெரியவில்லை.

வண்டியிலிருந்து முதலில் குதித்தவனை அவள் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். வீரமுத்துவின் தம்பி மாயாண்டி. அவனுக்குப் பின்னால் மஞ்சள் காயாத தாலியோடு ஒரு பெண் இறங்கினாள். மதினி என்று கூப்பிட்டுக்கொண்டே அவன் ஓடிவந்தான். இது லெட்சுமி, அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இவள் அப்பன் எனக்குப் பெண் கொடுத்தான், இல்லாவிட்டால் எனக்கு எவன் கொடுப்பான் என்று சிரித்தான். அண்ணன் எங்கே என்றான்.

கங்காணி சற்றுத் தள்ளி நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரம்பானுக்குப் போயிருக்காக," என்றாள் முத்தாயி. "வேலையா. வர நாளாகும்."

அன்றைக்கு அவள் அவர்களுக்குச் சோறு போட்டாள். பருப்பும், வெந்தயக்கீரைக்கு ஆசைப்பட்டுக் கிடைக்காமல் அதற்குப் பதிலாக மரவள்ளிக் கொழுந்தும். கப்பலில் சாப்பிட்டது போதும் போதும் என்று ஆனபின் இது அமிர்தம் என்று லெட்சுமி சாப்பிட்டாள். மாயாண்டி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தான். ஆத்தா அந்தப் படத்தைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டாள், வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறாள் என்றான். ஊரே வந்து பார்த்தது. கங்காணி வாயைத் திறக்கவே இல்லை. வீரமுத்து இப்படிச் சிரிக்கிறான் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று ஊர்க்காரர்களே சொல்லிக்கொண்டார்கள் என்றான்.

முத்தாயி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமலே வைத்ததை லெட்சுமி மட்டும் கவனித்தாள்.

"என்னையவும் எடுக்கப் போறாங்க மதினி," என்றான் மாயாண்டி. "அடுத்த மாசம் அந்தச் சாயபு வர்றாராம். கங்காணி சொல்லிட்டாரு. லெட்சுமிக்கு ரெண்டு அண்ணனுங்க இருக்கானுங்க, நம்ப மாட்டேன்னு நின்னுட்டானுங்க. என் படம் போனா வந்துருவானுங்கன்னாரு."

பிள்ளையைப் பெண்சாதியிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். அண்ணனைப்போலவே அகலமான தோள். சுவரில் தொங்கிய அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டு, இடுப்பில் கையை வைத்து, எப்படி நிற்பது என்று ஒவ்வொரு விதமாக நின்று காட்டினான். லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முத்தாயி சட்டியைக் கழுவுகிறேன் என்று வெளியே வந்தாள். நேராக ஆற்றோரத்துக்கு நடந்தாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் வீரமுத்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆத்தா படத்தை மாடத்தில் வைத்திருக்கிறாள் என்றபோது மட்டும் ஒரு தடவை நிமிர்ந்தான்.

"அவன் என்னையப் பாக்க வேண்டாம்," என்றான். "நான் இங்கயே கெடந்துட்டுப் போறேன்."

"அவரு மட்டும் பாத்தாப் பத்தாது," என்றாள் முத்தாயி. "வந்தவுக அத்தன பேரும் பாக்கணும். நான்தான் ஒன்னையச் சிரிக்க வச்சேன் மாமா. நாளைக்கு நான்தான் கொண்டாந்து நிறுத்துவேன்."

அவன் இடுப்பு வேட்டியைத் தடவிப் பார்த்தான். பிறகு, வேட்டி அழுக்காக இருக்கிறது, வேறு கொண்டுவா என்றான்.

விடியற்காலையில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை அடித்தார்கள். பெரட்டுக் களத்தில் பழைய ஆட்கள் ஒரு பக்கமும் புது ஆட்கள் ஒரு பக்கமுமாக நின்றார்கள். பனி இறங்கி எல்லார் தலையிலும் துண்டு. கிராணி லாந்தரைப் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிடத் தொடங்கியிருந்தார். முத்தாயி பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, புருஷனின் கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டு, அவனைச் சேற்றில் இழுத்துக்கொண்டே களத்துக்குள் வந்தாள். புது ஆட்களுக்கு நேர் எதிரே, மணி தொங்குகிற கம்பத்தில் அவனைச் சாய்த்து நிறுத்தினாள். தான் விலகிக்கொண்டாள். அவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலையை நிமிர்த்தி ஒவ்வொருத்தன் முகத்தையும் பார்த்தான்.

கிராணி நிறுத்திவிட்டார். வேப்பங்கண்மாய் ஆட்கள் முன்னால் நெருங்கிப் பார்த்தார்கள். யாரோ வீரமுத்துதானா என்று கேட்டார்கள். மாயாண்டி வரிசையிலிருந்து இரண்டடி எடுத்து வைத்தான். பிறகு நகரவில்லை. அவன் கண் அண்ணன் முகத்தையும் வேட்டிக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தது. முத்தாயி காத்திருந்தாள். இப்போது ஒருத்தன் வாய் திறப்பான், ஒருத்தன் மண்வெட்டியைக் கீழே போடுவான், திரும்பிப் போகிறோம் என்று ஒரு குரல் வரும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அமிர்தலிங்கம் நிதானமாக நடந்து வந்து வீரமுத்துவுக்குப் பக்கத்தில் நின்றார். அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"பாத்துக்கிட்டீங்களா," என்றார். "ஒரு சின்னக் கீறல். டிரசர்கிட்ட ஒழுங்காக் காட்டாம மறைச்சான். இதுதான் ஆச்சு. ஆனா நான் விட்டுட்டனா? சோறு போட்டு வச்சிருக்கேன். நீங்களும் ஒண்ணத் தெரிஞ்சுக்கங்க. காலுல என்ன பட்டாலும் மறைக்காதீங்க."

வீரமுத்துவின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. புது ஆட்களில் வயசான ஒருவர் மெதுவாகத் தலையாட்டினார். பின்னால் நின்ற ஒருத்தன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான். கடல் பின்னால் கிடந்தது. கப்பல் போய்விட்டது. அது அவர்கள் எல்லார் முகத்திலும் தெரிந்தது.

கிராணி மறுபடி பேர் கூப்பிட்டார். மாயாண்டி என்றார்.

மாயாண்டி அண்ணனிடமிருந்து கண்ணை எடுத்தான்.

"வந்தேங்க," என்றான் மாயாண்டி.

கங்காணி அவனைப் பார்த்து, அண்ணனைக் கொட்டகையில் விட்டுவிட்டு வா, உன் நிரையை மண்டோர் காட்டுவார், தாமதமானால் அரை நாள்தான் எழுதுவார்கள் என்று தன்மையாகவே சொன்னார். மாயாண்டி அண்ணனுக்கு முன்னால் போய் முதுகைக் காட்டிக் குனிந்தான். வீரமுத்து கம்பத்தை விடவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தது மாயாண்டிதான். தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் இறங்கினான்.

முத்தாயி பேரையும் கூப்பிட்டார்கள். தான் பதில் சொன்னது அவள் காதிலேயே விழவில்லை. லெட்சுமி அவளைத் தாண்டிப் போகும்போது நின்று, நேற்றுச் சோறு போடும்போது இதைத் தெரிந்துகொண்டேதானே போட்டீர்கள் என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு மற்றப் பெண்களோடு மேட்டில் ஏறினாள். முத்தாயியும் ஏறினாள். முதுகில் பிள்ளை விழித்துக்கொண்டு சிணுங்கத் தொடங்கியது.

பாதி மேட்டில் மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தாள். கீழே ஆற்றோரத்திலிருந்து மாயாண்டி வந்துகொண்டிருந்தான். தோளில் யாரும் இல்லை. ஒரு கையில் வாளி, ஒரு கையில் கத்தி. சேற்றில் வழுக்கி விழுந்தான். எழுந்தான். அரை நாள் போய்விடாமல் இருப்பதற்காக மரங்களுக்கு நடுவே ஓடினான்.